மணல் நிலத்துப் பருத்திக்கு எந்த நாளில் தண்ணீர்?

கேள்வி: மணற்பாங்கான நிலத்தில் சொட்டுநீர் அமைத்துப் பருத்தி பயிரிட்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை நிலம் நன்றாக நனையும்வரை தண்ணீர் விட்டும், ஐந்தாம் நாளே செடிகள் வாடுகின்றன, சப்பைகளும் (பூ மொட்டுகள்) உதிர்கின்றன. நாள் கணக்கு, ஆவியாதல் தட்டுக் கணக்கு (திறந்த தட்டில் நாள்தோறும் குறையும் நீரை அளப்பது), டென்சியோமீட்டர் (மண் நீரை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்று காட்டும் கருவி) ஆகிய மூன்றில் எதை நம்பித் தண்ணீர் பாய்ச்சுவது?

பதில்: முதலில் உங்கள் மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்று பாருங்கள். மணல் நிலத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 70 மி.மீ. நீர்தான் பயிருக்குக் கிடைக்கும். களிப்பான நிலத்தில் அது 150 மி.மீ.யைத் தாண்டும். வேர் 60 செ.மீ. இறங்கியிருந்தால் உங்கள் கையிருப்பு 42 மி.மீ. அதில் பாதி, அதாவது 21 மி.மீ., தீர்ந்ததும் மறுபடி நீர் கொடுப்பது நல்லது. பூத்துக் காய் பிடிக்கும் பருவத்தில் பருத்தி வெயில் நாளொன்றுக்கு 7 மி.மீ. வரை எடுத்துக்கொள்ளும் என்பதால், மூன்றாம் நாளே அந்தப் பாதி தீர்ந்துவிடுகிறது. ஐந்தாம் நாள் 35 மி.மீ. போயிருக்கும், நீங்கள் பார்க்கும் வாட்டம் அதுதான். சொட்டுநீரில் நிலத்தின் ஒரு பகுதி மட்டுமே நனைவதால் கெடு இன்னும் குறுகும். ஒரே நாளில் அதிகமாக விட்டு இதை ஈடுகட்ட முடியாது. மிகுதி நீர் வேருக்குக் கீழே இறங்குவதோடு, நீங்கள் இட்ட தழைச்சத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விடும். ஆகவே, வாரக் கணக்கை இன்றே கைவிடுங்கள்.

ஆவியாதல் தட்டுக் கணக்கு எவ்வளவு விடுவது என்பதற்கு நல்ல வழி. தட்டில் அன்று குறைந்த நீரைத் தட்டுக் குணகத்தாலும் (தட்டின் அளவை நிலத்துக்கு ஏற்பத் திருத்தும் எண், பெரும்பாலும் 0.7 அளவில் இருக்கும்), பிறகு பயிர்க் குணகத்தாலும் (பயிரின் பருவத்துக்கேற்ற நீர்த் தேவையைக் காட்டும் எண்) பெருக்க வேண்டும். பருத்திக்குப் பயிர்க் குணகம் தொடக்கத்தில் 0.35, பூக்கும் காலத்தில் 1.15 முதல் 1.2, காய் வெடிக்கும் முடிவில் 0.7 முதல் 0.5. தட்டில் 8 மி.மீ. குறைந்த நாளில், பூக்கும் பயிருக்கு 8 × 0.7 × 1.15, அதாவது ஏறத்தாழ 6.4 மி.மீ. தேவை. மழையைக் கழிக்கும்போதுதான் பலரும் தவறுகிறார்கள்: மண்ணில் 15 மி.மீ. பற்றாக்குறை இருக்கும் இரவில் 40 மி.மீ. பெய்தாலும், வரவில் எழுத வேண்டியது 15 மட்டுமே. இந்தக் கணக்கு உங்கள் மண்ணை நேரில் பார்ப்பதில்லை. ஒவ்வொரு நாளின் சிறு பிழையும் சேர்ந்துகொண்டே போகும்.

அந்தப் பிழையைத் திருத்தவே டென்சியோமீட்டர் வேண்டும். மண் காயக் காய அதன் முள் ஏறும். அது 80 சென்டிபாருக்கு (மண்ணின் இழுவிசையை அளக்கும் அலகு) மேல் அளக்காது என்பது களிமண்ணில் பெரிய குறை. மணலில் பயிர் எடுக்கும் நீரில் பெரும்பகுதி அந்த அளவுக்குள்ளேயே வெளியாகிவிடுவதால், அக்கருவி உங்கள் நிலத்துக்கே மிகவும் பொருந்தும். சொட்டுவானிலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி, 20 செ.மீ. ஆழத்தில் ஒன்றும் 45 செ.மீ. ஆழத்தில் ஒன்றும் நடுங்கள். மேலுள்ளது 25 முதல் 30 சென்டிபாரைத் தொட்டதும் தண்ணீர் திறக்கலாம். கீழுள்ளது ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பிறகும் 10க்குக் கீழே விழுந்தால், அளவைக் குறையுங்கள். பருமணலில் பீங்கான் முனைக்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விழுந்து முள் அசையாமல் நின்றுவிடும். அதே மண்ணைச் சலித்துக் குழம்பாக்கிக் குழியில் ஊற்றிய பின் கருவியை இறக்குங்கள். முள் நிற்பதைக் கண்டு ‘ஈரம் இருக்கிறது’ என்று நம்பி, பூப்பருவத்தில் இரண்டு நாள் தவறவிட்டால், உதிர்ந்த சப்பைகள் திரும்பி வரா.

எனவே, எவ்வளவு என்பதைத் தட்டுக் கணக்கிடமும், எந்த நாள் என்பதைக் கருவியிடமும் கேளுங்கள்.

கேள்வி: டென்சியோமீட்டருக்குப் பதில் ஜிப்சம் கட்டி (மண்ணில் புதைத்து, மின்தடையைக் கொண்டு ஈரத்தை அறியும் கட்டி) பயன்படுத்தலாமா?

பதில்: மணலில் வேண்டாம். ஜிப்சத்தின் துளைகள் மிக நுண்ணியவை. அது உலரத் தொடங்கிக் கருவியில் மாற்றம் தெரிவதற்குள் மணலின் பயனுள்ள நீரில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும்.