ரைஸ் குக்கர் சுவிட்ச் யாரு பொறுப்பு?

ஸ்தோத்திரம் அக்கா,

நான் செந்தூல்ல இருக்கேன். பையனுக்கு 11, பொண்ணுக்கு 8. ரெண்டு வருஷமா ஹோம்ஸ்கூல், அமைச்சுல அனுமதியெல்லாம் முறையா வாங்கியாச்சு. காலைல ஜெபம், வசனம், அப்புறம் மேத்ஸ், இங்கிலீஷ், சயின்ஸ், பிஎம் (மலாய்), தமிழ்னு மூணு மணி வரைக்கும் ஓடும். படிப்புல குறை சொல்ல முடியாது. போன மாசம் மாமியார் சுங்கை சிப்புட்லருந்து வந்திருந்தாங்க, பையன்கிட்ட ஒரு கோப்பி போட்டுக் குடுய்யான்னாங்க. அவன் கப்ப கையில வெச்சிக்கிட்டு அடுப்பு முன்னாடியே நிக்கிறான், பத்த வைக்கத் தெரியல. "பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பல, வீட்லயும் ஒண்ணும் கத்துக் குடுக்கலன்னா நாள் முழுக்க என்னதான் செய்றீங்க"ன்னு கேட்டுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. லைஃப் ஸ்கில்ஸுக்குன்னே ஒரு கிறிஸ்தவப் பாடத்திட்டம் இருக்கு, 380 வெள்ளி. வாங்கலாமா? டைம்டேபிள்ல எங்க சொருகுறது? கேஸ் அடுப்புக்கிட்ட விட எனக்கு ரொம்ப பயம். வீட்டுக்காரரு வேற, பொம்பளப் புள்ளைக்குக் கத்துக் குடு போதும், அவன எதுக்கு அடுப்படில விடுறங்கிறாரு. என் பேரு போட வேணாம்க்கா.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

மொதல்ல அந்த 380 வெள்ளிய பர்ஸுக்குள்ளயே வைங்க. நான் வாங்கி ஏமாந்தவ, அதனால சொல்றேன். கலர் கலரா படம், பக்கத்துக்கு ஒரு வசனம், சாப்பாட்டு மேசையில முள்கரண்டி எந்தப் பக்கம் வைக்கணும் கத்தி எந்தப் பக்கம் வைக்கணும்னு மூணு பக்கத்துக்குப் பாடம், நாங்க கையால சாப்பிடுற குடும்பம். என் மகன் எல்லாக் கட்டத்துலயும் டிக் போட்டு முடிச்சிட்டு, தின்ன தட்ட அப்படியே மேசையில விட்டுட்டு எழுந்து போயிட்டான். அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

வேலை கத்துக் குடுக்குறது ஒண்ணு, வேலைய ஒப்படைக்கிறது வேற ஒண்ணு. நம்ம ஹோம்ஸ்கூல் அம்மாமாருங்க மொதலாவத நல்லா செய்வோம், வெங்காயம் உரிக்கச் சொல்லி போட்டோ எடுத்து குரூப்ல போடுவோம், ஆனா அவன் உரிக்கலன்னா நாமளே உரிச்சிக்குவோம்ல, அது அவனுக்கும் தெரியும். அப்ப அது விளையாட்டுதானே. நான் செஞ்சது என்னன்னா, அவனுக்குப் பத்து வயசு ஆனப்ப, ராத்திரிச் சோறு இனிமே உன் பொறுப்புன்னு சொல்லிட்டேன். அரிசி அளக்குறது, களையுறது, விரல் வெச்சு மொதல் கணு வரைக்கும் தண்ணி பாக்குறது, சுவிட்ச் அமுக்குறது எல்லாம் அவன். நான் ஞாபகப்படுத்த மாட்டேன்.

மூணாவது நாளே சுவிட்ச் அமுக்க மறந்துட்டான். வீட்டுக்காரரு பிறைல ஷிஃப்ட் முடிச்சு பசியோட வந்து உக்காந்திருக்காரு, கறி ரெடி, மூடியத் திறந்தா அரிசி தண்ணியில ஊறிக்கிட்டு கெடக்குது. எனக்குக் கை துறுதுறுன்னுது, திட்டவும் வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அன்னைக்கு மீன் கறிக்கு ரொட்டித் துண்டத் தொட்டுச் சாப்பிட்டோம். அவங்கப்பா ஒண்ணுமே சொல்லல, அதுதான் அவனுக்கு ரொம்ப வலிச்சிருக்கு. அதுக்கப்புறம் மறக்கவே இல்லன்னு எழுத ஆசைதான், ஆனா இன்னும் ரெண்டு தடவ மறந்தான். இப்ப அவன் கோலாலம்பூர்ல ரூம் எடுத்துப் படிக்கிறான், ரூம்ல சோறு ஆக்குறது அவன்தான்.

அந்த ரைஸ் குக்கர்லருந்து சயின்ஸும் வந்துச்சு, நான் தேடிப் போகல, அவனேதான் கேட்டான், சோறு வெந்துருச்சுன்னு அதுக்கு எப்படிம்மா தெரியுதுன்னு. பானைல தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரிக்கு மேல ஏறாது, தண்ணிய அரிசி குடிச்சி முடிச்சதும் அடிப்பானை சூடு சட்டுன்னு ஏறும், பழைய மாடல்ல அடியில ஒரு காந்த அமைப்பு இருக்கு, ஒரு சூட்டுக்கு மேல போனா அது பிடிப்ப விட்டுரும், சுவிட்ச் டக்குன்னு மேல வந்துரும். கொதிநிலைன்னு வொர்க்புக்ல ரெண்டு தடவ எழுதியும் மண்டைல ஏறாதது, அந்த ஒரு டக்குல ஏறிருச்சு.

இதெல்லாம் புதுசு இல்ல. மரியா மாண்டிசோரி, கத்தோலிக்கர், டாக்டருக்குப் படிச்சவங்க, 1907ல ரோம்ல ஏழைப் பிள்ளைங்களுக்கு ஆரம்பிச்ச இடத்துல தண்ணி ஊத்துறது, கூட்டுறது, பட்டன் போடுறதுதான் பாடமாவே இருந்துச்சு, அதுவும் உடையுற கண்ணாடி, பீங்கான் வெச்சு, ஏன்னா உடையும்னு தெரிஞ்சாதான் கை கவனமா இருக்கும். அமெரிக்காவுல ஹோம்ஸ்கூல் பரவுனப்ப ரேமண்ட் மூர், டோரத்தி மூர்னு அட்வென்டிஸ்ட் சபையச் சேர்ந்த ஒரு தம்பதி, படிப்பு, கைவேலை, சேவை மூணும் சேர்ந்து போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாமதான் அதுல மொதல் ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டு, பள்ளிக்கூடம் வேணாம்னு வெளிய வந்து வீட்லயே இன்னொரு பள்ளிக்கூடத்தக் கட்டி வெச்சிருக்கோம்.

அதனால டைம்டேபிள்ல சொருகாதீங்க, டைம்டேபிளச் சுருக்குங்க. ரெண்டே பிள்ளைங்கதானே, மூணு மணி வரைக்கும் எதுக்கு? பகல் பன்னெண்டு, பன்னெண்டரைக்குள்ள புத்தகத்த மூடிருங்க. வாரத்துல ஒரு நாள் காலைல புத்தகத்தத் திறக்கவே வேணாம், பாசாருக்குப் போங்க. நான் இங்க பினாங்குல புலாவ் தீக்குஸ் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன், சில நாள் சௌராஸ்தா. கையில 30 வெள்ளி, என்னென்ன வாங்கணும்னு அவன் எழுதுன சீட்டு, நான் ரெண்டு எட்டு பின்னாடி நடப்பேன், வாயத் திறக்க மாட்டேன். மொதல் வாரம் "போலே கூராங் சிக்கிட் தாக், ஆன்ட்டி?"ன்னு, கொஞ்சம் குறைக்க முடியுமான்னு மலாய்ல கேக்க அவனுக்கு வெக்கம், குரலே வரல. மூணு மாசத்துல மீன்கார ஆன்ட்டி அவன் வந்தா செவுள் செவப்பா இருக்கிற கெம்போங் மீனத் தனியா எடுத்து வைக்க ஆரம்பிச்சாங்க. வீட்டுக்குள்ளயே வளர்ற ஹோம்ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பிஎம் பேச்சு வராதுங்கிற குறைக்கு இத விட நல்ல டியூஷன் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சூப்பர்மார்க்கெட் ரசீதப் பாத்துட்டு, 17 வெள்ளி 92 சென்னுன்னு போட்டிருக்கு, 17.90தான் வாங்குனாங்க, கணக்குத் தப்புன்னு கவுண்டர்லயே நின்னுட்டான். 2008 ஏப்ரல்லருந்து ஒரு சென் கணக்க அஞ்சு சென்னுக்கு ரவுண்ட் பண்றாங்க, 1, 2 கீழ எறங்கும், 3, 4 அஞ்சுக்கு ஏறும், 6, 7 அஞ்சுக்கு எறங்கும், 8, 9 பத்துக்கு ஏறும், அதுவும் மொத்தத் தொகைக்கு மட்டும், ஒவ்வொரு சாமானுக்கும் இல்ல. அத அவனே நாலஞ்சு ரசீத வெச்சுக் கண்டுபிடிச்சான். பாதிப் பிள்ளைங்க இப்ப அம்மா போன்ல கியூஆர் ஸ்கேன் பண்றதப் பாத்தே வளருதுங்க, காசு குறையுறது கண்ணுக்கே தெரியுறதில்ல. ஆரம்பத்துலயாவது ரொக்கமாக் குடுங்க.

கேஸ் பயம், அது நியாயமான பயம்தான், அதுக்காகத்தான் கத்துக் குடுக்கணும். அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி கேஸ் தோம்ப, அதான் சிலிண்டர, அடையாளம் காட்டுங்க, ரெகுலேட்டர மூடித் திறக்கப் பழக்குங்க. அப்புறம் சோப்புத் தண்ணிய ரெகுலேட்டர்லயும் ட்யூப்லயும் தடவி, முட்டை விட்டா லீக்குன்னு காட்டுங்க, பிள்ளைங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். சமையல் கேஸ் காத்த விடக் கனம், மேல போகாது, தரையோட தேங்கும், அதனால வாடை வந்தா எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, லைட்டப் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, கதவு ஜன்னலத் திறந்து போட்டு வெளிய போயி பெரியவங்களக் கூப்பிடணும், பெருசா இருந்தா 999. இத பத்து தடவ வாயால சொல்ல வெச்சிட்டு, நீங்க பக்கத்துல நிக்க, அவன பத்த வைக்கச் சொல்லுங்க. என் மகன் ஒம்போது வயசுல என் கூட நின்னு பத்த வெச்சான், தனியா சமைக்க விட்டது பன்னெண்டுல. உங்க பையன் நிதானம் உங்களுக்குத்தான் தெரியும், வயசப் பாக்காதீங்க.

உங்க வீட்டுக்காரருக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், யோவான் 21ஆம் அதிகாரத்த அவரையே வாசிக்கச் சொல்லுங்க. ராத்திரி முழுக்க வலை போட்ட சீஷர்கள் கரைக்கு வந்தா, அங்க கரி நெருப்பு போட்டு மீனும் அப்பமும் வெச்சிக்கிட்டு வாங்க சாப்பிடுங்கன்னு கூப்பிட்டது யாரு? உயிர்த்தெழுந்த ஆண்டவருக்கே அடுப்படி கௌரவக் குறைச்சலா தெரியல. எங்க வீட்ல மகளுக்குக் குடுத்தது ஃபியூஸ் பாக்ஸ்தான், ட்ரிப் ஆனா எந்த சுவிட்ச் விழுந்திருக்குன்னு பாத்து, எந்தச் சாமானால விழுந்துச்சுன்னு ஒண்ணு ஒண்ணா கழட்டிக் கண்டுபிடிப்பா. சனிக்கிழம கொசு வேட்டையும் அவதான், பூந்தொட்டித் தட்டு, பாத்திர ஸ்டாண்டுக்கு அடியில இருக்கிற ட்ரே, பிரிட்ஜுக்குப் பின்னாடி, எல்லாத்துலயும் தண்ணியக் கொட்டுவா. ஏடிஸ் முட்டைலருந்து கொசுவாக சுமார் ஒரு வாரம் ஆவும், அதான் வாரம் ஒரு தடவ. இதுக்கெல்லாம் காசு குடுக்கறதில்ல. அவங்க தின்ற சோத்துக்கும் அவங்களக் கடிக்கிற கொசுவுக்கும் நான் எதுக்குக் கூலி குடுக்கணும்?

மாமியார் விஷயம். அவங்க சொன்னது குத்துச்சுன்னு தெரியுது, ஆனா கேள்வி தப்பில்லம்மா. எங்கம்மா ரப்பர் தோட்டத்துல வளந்தவங்க, எட்டு வயசுல விடியறதுக்கு முன்னாடி அவங்கம்மா கூடப் போயி மரத்துல பால் வடியுற மங்குல உறைஞ்சி இருக்கிற கட்டிப்பால் பொறுக்கிட்டு அப்புறம்தான் பள்ளிக்கூடம், பாதி நாள் பள்ளிக்கூடமே கிடையாது. அத நான் பெருமையா சொல்ல வரல, அது பிள்ளைங்க படிப்பத் தின்ன வேலை, அந்தக் காலம் திரும்பி வர வேணாம். ஆனா அவங்களுக்கு மீன் ஆய, கிழிஞ்சதத் தைக்க, பத்து வெள்ளியில ஒரு வாரம் ஓட்டத் தெரியும், நமக்கு அதுல பாதி தெரியாது. அடுத்த தடவ அவங்க வந்தா ரெண்டு கிலோ மீன் வாங்கிப் போட்டு, "அத்தை, இவனுக்கு ஆயக் கத்துக் குடுங்க"ன்னு விட்டுட்டு நீங்க வெளிய போயிருங்க. கூட நின்னா ரெண்டு பேரையும் திருத்துவீங்க.

380 வெள்ளி கை அரிச்சா, அவன் கைக்கு அடங்குற அளவுல நல்ல கத்தி ஒண்ணும், தீட்டுற கல்லும் வாங்குங்க. பிள்ளைங்களுக்குன்னு மொட்டைக் கத்தி குடுக்காதீங்க, அது வெட்டாது, வெட்டலன்னு அழுத்துவான், வழுக்கி விரல்ல எறங்கிரும். கூர்க்கத்தி குடுத்து, பிடிக்கிற கையில விரல் நுனிய உள்ள மடக்கப் பழக்குங்க. மொதல்ல வெள்ளரிக்காய். வெங்காயம் அப்புறம் பாத்துக்கலாம், கண்ணு கலங்குனா கத்தி எங்க போகுதுன்னு தெரியாது.