பழைய சைக்கிளை ஆன்லைன் விளம்பரத்தில் விற்கும்போது அதன் குறைகளையும் எழுத வேண்டுமா?

எழுதுங்கள். "இன்னும் இருக்கா?", "கடைசி விலை என்ன?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களிடம் நொந்துபோய்த்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குறையை மறைத்தால் அந்தக் கூட்டம் இன்னும் கூடும்.

என் கியர் சைக்கிளை விற்றபோது செயின் நன்றாகத் தேய்ந்திருந்தது. ஸ்கேல் வைத்து அளந்து, அதையே படம் எடுத்துப் போட்டேன். புதுச் செயினில் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் சரியாக விழும். என்னுடையதில் அந்தப் பின் 1/8 அங்குலம் தள்ளிப் போயிருந்தது. செயின் அந்த அளவு நீண்டுவிட்டால் கேசட்டின், அதாவது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கின், பற்களும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் வழுக்கும். இதையும் எழுதி, இரண்டையும் மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை போட்டேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், "விற்கிறாயா, வாக்குமூலம் கொடுக்கிறாயா?" என்று.

அந்த ஸ்கேல் படத்தைப் பார்த்துத்தான் ஒருவர் போன் செய்தார். ஃபிரேம் அளவை மட்டும் கேட்டார். நேரில் வந்ததும் சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேமில் பொறித்திருந்த சைக்கிளின் எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டார். தன் வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பேரமே பேசவில்லை.

"அது உன் அதிர்ஷ்டம்" என்று கீழே யாராவது வருவார்கள். இருக்கட்டும். நான் ஒன்றும் அழுக்கோடு படம் எடுக்கச் சொல்லவில்லை. துடைத்து, காற்றடித்து, செயின் இருக்கும் பக்கத்திலிருந்து எடுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அளவும் தெரியட்டும். அப்புறம், சைக்கிளைப் பார்க்காமலே "முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பவரை உடனே பிளாக் செய்யுங்கள். ஸ்கேன் செய்தால் பின் நம்பர் கேட்கும்; பணம் வாங்குகிறவர் அதைப் போட வேண்டியதில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை, விற்ற பிறகு வரும் சொந்தக்காரர்கள். "சும்மாதானே கிடந்தது, எங்களுக்குக் கொடுத்திருக்கலாமே" என்று ஒரு சித்தப்பா இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வெள்ளையடிக்க வேண்டும் என்று அவர் வாங்கிப்போன ஏணி இன்னும் திரும்பவில்லை. கேட்டால் நான்தான் கெட்டவன்.