மைக்ரோமீட்டர் பெட்டியின் சாவி

அன்புள்ள சார்,
மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் 4 வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். டேட்டா அனலிடிக்ஸுக்கு மாற ஆசை. டேட்டாவைத் தேடி எடுக்க எஸ்க்யூஎல், அதைப் படமாக்கிக் காட்ட பவர் பிஐ, இரண்டும் ஆரம்பித்திருக்கிறேன். ஒன்றரை லட்சம் கட்டி கோர்ஸ் சேரலாமா? 27 வயது தாமதமா? 4 வருடத்தை வீணடித்துவிட்டேனோ என்று தூக்கம் வருவதில்லை.
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கோர்ஸுக்குக் கடன் வாங்காதீர்கள். எஸ்க்யூஎல்லை ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து நீங்களே படித்துவிடலாம். வயதெல்லாம் ஒரு கேள்வியா, விடுங்கள்.

'வீணடித்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. எடுத்த அளவுகளை வரிசையாகக் குறித்து எல்லைக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கிற கண்ட்ரோல் சார்ட்டைத் தினமும் போடுகிறவர்தானே நீங்கள்? 1924-ல் வால்டர் ஷூஹார்ட் அதை வரைந்தது டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்தபோது. அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆடத்தான் செய்யும், எந்த ஆட்டத்தை விட்டுவிடலாம், எதற்கு மெஷினை நிறுத்த வேண்டும் என்று எண்ணை வைத்துச் சொல்கிற வேலை அது. அனலிடிக்ஸ் என்றால் வேறென்ன?

உங்கள் வயதில் நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தேன். மணிக்கு ஒருமுறை பம்பில் சுழலும் தண்டான ஷாஃப்டில் 5 எடுத்து விட்டம் அளந்து தாளில் எழுத வேண்டும். மூன்று மாதத் தாள்களை அடுக்கி கிராஃப் போட்டால் நைட் ஷிப்ட் அளவுகள் அவ்வளவு சீராக இருந்தன. அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மீட்டிங்கில் பகல் ஷிப்ட்காரர்களிடம் பேசிவிட்டேன். வருடக்கணக்காக லேத் ஓட்டிய ஒரு அண்ணன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அன்று இரவு லைனுக்கு வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார். போனேன். விட்டம் அளக்கிற மைக்ரோமீட்டர் இருக்கும் பெட்டி பூட்டிக் கிடந்தது, 10 மணிக்கே சூப்பர்வைசர் சாவியோடு வீட்டுக்குப் போய்விடுவாராம். விடியற்காலையில் பையன்கள் பகல் தாளைப் பார்த்து மொத்த ஷிப்ட் அளவையும் ஒரே மூச்சில் எழுதினார்கள். லேத்தில் இரும்பைச் சீவுகிற டூல் தேயத் தேய ஷாஃப்டின் விட்டம் கூடிக்கொண்டே போக வேண்டும் இல்லையா? அந்தத் தாள்களில் அது இல்லவே இல்லை. என் கணக்கில் ஒரு தப்பும் கிடையாது தம்பி, எண்தான் பொய். மறுநாள் அத்தனை பேர் முன்னாலும் அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

எந்த எண் அளந்து எழுதியது, எது பார்த்து எழுதியது என்று உங்களுக்குத் தெரியும். எண்களைத் திரையில் காட்டும் டேஷ்போர்டு முன்னால் மட்டுமே உட்கார்ந்தவருக்குத் தெரியாது. இன்டர்வியூவில் போய் இந்த 4 வருடத்தை இரண்டு வரியில் விழுங்கிவிட்டு சர்டிஃபிகேட் பட்டியலை ஒப்பிக்காதீர்கள். ரிஜெக்‌ஷன் ஏன் ஏறியது, எந்த அளவை நம்ப முடியவில்லை, யாரிடம் போய்க் கேட்டீர்கள், அதைச் சொல்லுங்கள். அப்படி ஒன்றை முதலில் எனக்கு எழுதி அனுப்புங்கள். கோர்ஸைப் பற்றி அப்புறம் பேசலாம்.