பாட்டெழுதும் மகளுக்கு ப்ரீ-மெட் வேண்டாம்

டென்னசி மாநிலத்தில் ஃபிராங்க்ளினில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கேள்வி இது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கிடாரோடு கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த இசை) பாட்டு எழுதிப் பாடுகிறாள். பக்கத்திலேயே இருக்கும், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் அதையே தொழிலாகச் செய்யப்போவதாகச் சொல்கிறாள். சென்னையிலிருந்து பெரியப்பா வாராவாரம் போன் செய்து, "அங்கே பிறந்த பிள்ளையை டாக்டராக்காமல் பாரில் பாடவா விடப்போறீங்க?" என்று கேட்கிறாராம். "ப்ரீ-மெட்டில் (மருத்துவக் கல்லூரிக்குத் தயார்செய்யும் இளங்கலைப் படிப்பில்) சேர்த்துவிட்டு, பாட்டைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளச் சொல்லலாமா?" என்பது அம்மாவின் கேள்வி.

உங்கள் கவலை நியாயமானது, அம்மா. ஆனால் நீங்கள் சொல்லும் ஏற்பாடு வேண்டாம். மருத்துவம் என்றால் இளங்கலை 4 வருடம், மருத்துவக் கல்லூரி 4 வருடம், அதன்பின் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி குறைந்தது 3 வருடம். விருப்பத்தோடு வருபவர்களையே கசக்கிப் பிழியும் படிப்பு அது. பயாலஜி புத்தகத்தைக் கடமைக்குத் திறக்கும் பிள்ளை இரண்டாம் வருடம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் மதிப்பெண் சரிந்து நிற்பாள். அதற்குள் பாட்டும் கைவிட்டுப் போயிருக்கும். இருபத்தைந்து வயதில் அவளே மருத்துவம் படிக்க விரும்பினால், எந்தப் பட்டம் வாங்கியிருந்தாலும் தேவையான அறிவியல் பாடங்களை முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். அந்தக் கதவு மூடாது.

அவள் அனுப்பிய நோட்டைப் பார்த்தேன். மூன்று வீடு மாறியும் பிரிக்காமல் கராஜில் கிடக்கும் அட்டைப்பெட்டியைப் பற்றி ஒரு பாட்டு. முதல் சரணத்தில் பெட்டி, பல்லவியின் கடைசி வரியில், காதில் ஒட்டிக்கொள்ளும் ஹுக். பலரும் சறுக்கும் இடம் இரண்டாம் சரணம்தான். முதலில் சொன்னதையே வேறு சொற்களில் சொல்லிவிடுவார்கள். அவள் அதை நான்கு முறை அடித்து எழுதியிருக்கிறாள். நான்காவது முறையில் அப்பா பெட்டியின் டேப்பைக் கிழிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துகிறார். கதை ஓரடி நகர்கிறது. பாட யாருக்கும் ஆசை வரும். எழுதியதை மறுபடி மறுபடி திருத்துகிற பொறுமை சிலருக்குத்தான் இருக்கும். நான் எடை போடுவது அதைத்தான்.

நாஷ்வில் என்றதும் உறவினர்களுக்கு மேடையும் தொப்பியும்தான் தெரியும். நட்சத்திரப் பாடகி ஆவது பற்றி இங்கே நான் பேசப்போவதில்லை. கன்ட்ரி வானொலியில் பெண் குரலுக்குக் கிடைக்கும் இடமே குறைவு. பெண்களின் பாட்டை அடுத்தடுத்துப் போடாதீர்கள் என்று 2015-ல் ஒரு வானொலி ஆலோசகர் வெளிப்படையாகவே சொன்னார். நம் நிறத்துப் பெண்ணுக்கு அது இன்னும் இறுக்கமான வாசல். நான் சொல்வது அதற்குப் பின்னால் இருக்கும் வேலை: ஒரு மியூசிக் பப்ளிஷரிடம் (பாட்டுகளின் உரிமையை நிர்வகித்துப் பாடகர்களிடம் சேர்க்கும் நிறுவனம்) ஒப்பந்தத்தில் பாட்டெழுதும் ஸ்டாஃப் ரைட்டர் வேலை.

பெரியப்பாவுக்குச் சொல்ல ஓர் உதாரணம் தருகிறேன். கன்ட்ரி பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டன் நாஷ்வில்லுக்கு முதலில் வந்தது வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படிக்க. பாதியில் விட்டார். 2001-ல் பாட்டுக்காகவே திரும்பி வந்து பப்ளிஷரிடம் கையெழுத்திட்டார். கென்னி செஸ்னி, லூக் பிரையன், டேரியஸ் ரக்கர் என்று மற்றவர்கள் பாடி முதலிடம் பிடித்த பாட்டுகளில் அவர் எழுத்து இருந்தது. தன் பெயரில் முதல் ஆல்பம் வந்தபோது 2015, வயது 37. அந்த 14 வருடமும் வீட்டுக்குச் சோறு போட்டதில் பெரும்பங்கு பேனாவுக்கு உண்டு.

அந்த வேலையின் ஒரு நாள் எப்படி இருக்கும்? காலை பத்து, பதினொரு மணிக்கு நாஷ்வில்லில் இசைக் கம்பெனிகள் இருக்கும் மியூசிக் ரோவில் ஒரு சின்ன அறை. இரண்டு அல்லது மூன்று பேர், கிடார், லேப்டாப். ஒவ்வொருவர் போனிலும் தலைப்புகளின் பட்டியல் இருக்கும்; வெறுங்கையோடு போகிறவரை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். சாயங்காலத்துக்குள் பாட்டை முடித்து, போனிலேயே ஒர்க் டேப் என்ற கச்சாப் பதிவு ஒன்று செய்வார்கள். யார் எத்தனை வரி சொன்னார்கள் என்று எண்ணாமல் சரிபங்காகப் பிரிப்பது அந்த ஊர் வழக்கம். அதை அன்றே ஸ்ப்ளிட் ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பாட்டு ஓடிய பிறகு பேசினால் நட்பும் போகும், பணமும் முடங்கும். பப்ளிஷர் பாட்டைப் பாடகர்களிடம் கொண்டுபோவார். பிடித்தால் 'ஹோல்ட்' போடுவார்கள், அதாவது வேறு யாருக்கும் தராமல் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். ஹோல்ட் என்பது வாக்குறுதி அல்ல, அதற்குப் பணமும் கிடையாது. மாதக்கணக்கில் காத்திருந்து கைநழுவிய பாட்டுகள் எல்லோரிடமும் உண்டு.

மாதாமாதம் வரும் பணம் சம்பளம் அல்ல, அட்வான்ஸ். மாதம் 2,000 டாலர் என்று வைத்தால் வருடத்துக்கு 24,000 அவள் கணக்கில் பற்றாக ஏறும். கையிலிருந்து திருப்பிக் கேட்க மாட்டார்கள். வரும் ராயல்டியில் பிடித்துக்கொள்வார்கள். வருடத்துக்கு 12 பாட்டு என்று ஒப்பந்தம் இருந்தால், மூவர் எழுதிய பாட்டு மூன்றில் ஒன்றாகத்தான் கணக்காகும். ஆக 36 பாட்டு எழுத வேண்டும். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை பப்ளிஷருக்கே இருக்கும். யாரும் பதிவு செய்யாத பாட்டுகள் சில வருடத்தில் அவளிடமே திரும்பும் என்ற ஷரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இதைப் படிக்க உங்கள் செலவில் ஒரு என்டர்டெயின்மென்ட் வக்கீல் வையுங்கள். பப்ளிஷர் காட்டும் வக்கீல் வேண்டாம்.

வருமானக் கணக்கையும் பாருங்கள். 2025-ல் ஒரு சிடிக்கோ டவுன்லோடுக்கோ ஒரு பாட்டின் எழுத்துக்குச் சட்டப்படி 12.7 சென்ட். பத்தாயிரம் விற்றால் 1,270 டாலர். மூவர் பிரித்தால் 423, பப்ளிஷர் பாதி எடுத்தால் சுமார் 211, அதுவும் அட்வான்ஸில் கழியும். பெரிய பணம் வானொலியில்தான். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலி, பாடியவருக்குப் பைசா தருவதில்லை. எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும் மட்டுமே தருகிறது. எழுத்தாளரின் பங்கை, ஒலிபரப்புப் பணத்தை வசூலிக்கும் அமைப்புகளான ஆஸ்கேப் அல்லது பிஎம்ஐ நேராக அவளுக்கே அனுப்பும். ஆனால் ஒலிபரப்பாகிப் பல மாதம் கழித்துத்தான் வரும். ஸ்ட்ரீமிங் வந்தபின் ஸ்டாஃப் ரைட்டர் இடங்கள் பெருமளவு குறைந்துவிட்டன என்பதையும் மறைக்க மாட்டேன். நாஷ்வில்லைப் பத்து வருட ஊர் என்பார்கள்; காலூன்ற அவ்வளவு காலம் ஆகும் என்று அர்த்தம். அந்தப் பத்து வருடத்தைக் கடனில்லாமல் கடப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால் படிப்பு விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன்: பேரன்ட் ப்ளஸ் என்ற, பெற்றோர் பெயரில் வாங்கும் அரசுக் கல்விக் கடன் வாங்காதீர்கள், வீட்டின் மேல் கடன் வாங்காதீர்கள், தனியார் இசைக் கல்லூரியின் பெயரில் மயங்காதீர்கள். ஃபிராங்க்ளினிலிருந்து 96-ம் நம்பர் நெடுஞ்சாலையில் போனால் மர்ஃப்ரீஸ்பரோ. அங்கே அரசுப் பல்கலைக்கழகமான மிடில் டென்னசி ஸ்டேட்டில் ரெகார்டிங் இண்டஸ்ட்ரி துறை இருக்கிறது. அதில் கமர்ஷியல் சாங்ரைட்டிங் ஒரு தனிப் பிரிவு. பல நம்பர் ஒன் பாட்டுகள் எழுதிய லூக் லெய்ர்ட் அங்கே படித்தவர். மாநிலத்தவர் கட்டணம், வீட்டுச் சாப்பாடு, தகுதி இருந்தால் டென்னசி ஹோப் ஸ்காலர்ஷிப். அதற்குப் பள்ளி மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 3.0 அல்லது ஏசிடி நுழைவுத் தேர்வில் 21 வேண்டும், எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்ற கல்வி உதவி விண்ணப்பப் படிவமும் நிரப்ப வேண்டும். கூடவே அக்கவுன்டிங்கை மைனராக (துணைப்பாடமாக) எடுக்கட்டும். பப்ளிஷிங் ஆபீஸ்களில் ராயல்டி கணக்கு பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலையில் இருந்தபடியே எழுதலாம்.

இந்த வருடமே அவள் தொடங்கலாம். நாஷ்வில்லின் ப்ளூபேர்ட் கஃபேயில் திங்கட்கிழமை ஓப்பன் மைக், அதாவது புதியவர்களும் பாடும் மேடை; சொந்தப் பாட்டு மட்டும்தான் பாட வேண்டும். சுமார் தொண்ணூறு பேர் உட்காரும் கடை, சாப்பிடுகிறவர்களும் பேசாமல் கேட்பார்கள். நீங்கள் இருவரும் கூடப் போங்கள். நாஷ்வில் நம்பர் முறையில் கிடார் கார்டுகளை (சுரக்கூட்டுகளை) எழுதக் கற்கட்டும். ஜி, சி, டி என்று எழுதாமல் 1, 4, 5 என்று எழுதினால் பாடகரின் சுருதிக்கு எந்த வாத்தியக்காரரும் அந்த நொடியில் மாற்றிவிடுவார். ஆஸ்கேப், பிஎம்ஐ இரண்டில் ஒன்றில் மட்டும் சேரட்டும். பாட்டு வெளியானால், ஸ்ட்ரீமிங் ராயல்டியை வசூலித்துத் தரும் எம்எல்சியிலும் பதிய வேண்டும், அது இலவசம். வெளியிடாத பாட்டுகள் பத்து வரை சேர்த்துப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் 85 டாலரில் பதியலாம். முழு வாத்தியங்களோடு டெமோ (மாதிரிப் பதிவு) செய்யப் பாட்டுக்குப் பல நூறு டாலர் ஆகும்; வருடத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். "பணம் கட்டுங்கள், பாட்டை வெளியிடுகிறோம்" என்று யார் சொன்னாலும் நடையைக் கட்டுங்கள். ஒழுங்கான பப்ளிஷர் எழுத்தாளரிடம் காசு வாங்குவதில்லை.

இதே எண்ணத்தில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கு: பிள்ளை, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தால் கணக்கே வேறு. 21 வயதில் அந்த அந்தஸ்து முடியும். அதுவரையிலும் கூலிக்குப் பாட அனுமதியில்லை, டிப்ஸ் ஜாடியில் விழுவதும் கூலியாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வக்கீலைப் பாருங்கள்.