தம்பிக்கு கேமிங் லேப்டாப்: கடைக்குப் போகும் முன் கேமின் பெயரைக் கேளுங்கள்

கேள்வி: என் தம்பி இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்திருக்கிறான். என் சம்பளத்தில் லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். 85,000 ரூபாய் வரை போகலாம். படிப்புக்கும் ஆக வேண்டும், நண்பர்களோடு ஆன்லைனில் வாலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2, ஜிடிஏ ஆடவும் வேண்டும் என்கிறான். கடைக்காரர் மெலிதான ஐ7 லேப்டாப் ஒன்றைக் காட்டி, இது எல்லாவற்றுக்கும் தாங்கும் என்கிறார். தம்பியின் சீனியரோ விண்டோஸ் இல்லாத லேப்டாப் வாங்கினால் சில ஆயிரம் குறையும், லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், அதுதான் வேகம் என்கிறார். அப்பாவுக்கு ஆன்லைன் கேம் என்றாலே ரம்மி ஞாபகம். எதை வாங்குவது?

பதில்: கேம்களின் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டீர்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். கேமிங் லேப்டாப் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பிராண்டைப் பார்க்கிறார்கள், அப்புறம் விலையை, கடைசியில்தான் என்ன ஆடப்போகிறோம் என்பதை. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதாவது விண்டோஸா லினக்ஸா வேண்டும் என்பதை முடிவு செய்வது உங்கள் தம்பியும் இல்லை, சீனியரும் இல்லை. அவன் ஆடும் கேம்தான்.

ஆன்லைன் கேம்களில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க ஆன்டி-சீட் என்ற மென்பொருள் இருக்கும். வாலரண்டில் இருப்பது வான்கார்ட். இது விண்டோஸின் கெர்னல் மட்டத்தில், அதாவது சிஸ்டத்தின் அடித்தளத்தில் டிரைவராக உட்கார்ந்து கவனிக்கிறது. லினக்ஸில் விண்டோஸ் கேம்களை ஓட வைக்க வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டான் என்ற கருவியைக் கொண்டுவந்தது. கேம் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அருமையான கருவிதான், ஆயிரக்கணக்கான கேம்கள் அதில் ஓடுகின்றன. ஆனால் வான்கார்ட் கேட்பது விண்டோஸின் கெர்னலையே. இல்லாத கெர்னலை மொழிபெயர்த்துக் கொடுக்க முடியாது. அதனால் வாலரண்ட் லினக்ஸில் ஓடாது. லினக்ஸுக்குள் ஒரு போலிக் கணினியை உருவாக்கி விண்டோஸ் போடும் விர்ச்சுவல் மெஷினிலும் ஓடாது.

மற்ற ஆன்டி-சீட்களின் கதை வேறு. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் புரோட்டானுக்கு 2021இலேயே வழிவிட்டுவிட்டன. ஆனால் அதைத் திறந்துவிடுவதா வேண்டாமா என்பது கேம் தயாரிப்பவர் கையில் இருக்கிறது. ஃபோர்ட்நைட்டில் திறக்கவே இல்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் இறுதியில் மூடிவிட்டார்கள். ஜிடிஏ ஆன்லைனும் அப்படித்தான். 2024 செப்டம்பரில் பேட்டில்ஐயைச் சேர்த்ததும், அதுவரை லினக்ஸில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெளியே நின்றார்கள். தனியாகக் கதைப் பகுதியை ஆடலாம், கூட்டாக ஆட முடியாது. உங்கள் தம்பியின் பட்டியலில் லினக்ஸில் நேரடியாக ஓடுவது கவுன்டர் ஸ்டிரைக் 2 ஒன்றுதான்.

சீனியர் சொன்னது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். லினக்ஸ் பழைய கணினியிலும் இலகுவாக ஓடும், கணினி அறிவியல் மாணவன் அதைக் கட்டாயம் கற்க வேண்டும். எனக்கு லினக்ஸ் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இன்று லினக்ஸில் ஓடும் ஆன்லைன் கேம் நாளைக் காலை ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதை ஏபெக்ஸ் ஆடியவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். படிப்புக்கு லினக்ஸ் தேவைப்பட்டால் விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது. லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவை அதில் போட்டுக்கொண்டால் முதல் இரண்டு வருட லேப் வேலைகளுக்குத் தாராளம்.

எனவே விண்டோஸ் 11. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. யாராவது பழைய லேப்டாப்பை அதோடு மலிவாகக் கொடுத்தால் வேண்டாம். விண்டோஸ் 11இல் வாலரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். புது லேப்டாப்பில் இரண்டும் ஆன் ஆகித்தான் வரும். யூடியூப் வீடியோ பார்த்து, விண்டோஸ் துவங்கும் முன் வரும் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய் அவற்றை மாற்றாமல் இருந்தாலே போதும். அப்படியே மாற்ற நேர்ந்தால், அதற்கு முன் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். இப்போதைய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் கை வைத்ததும் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். எண் இல்லை என்றால் உள்ளே இருக்கும் பாடக்குறிப்பு, புராஜெக்ட் எல்லாம் போய்விடும். இப்படிக் கண் கலங்கி நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் இல்லாத ‘டாஸ்’ லேப்டாப்பில் மிச்சமாகும் சில ஆயிரம் உண்மையில் மிச்சமில்லை. வாங்கிய மறுநாளே விண்டோஸ் தேவைப்படும். அப்போது பெரும்பாலும் நடப்பது, நண்பன் பென்டிரைவில் கொண்டுவரும் கிராக் விண்டோஸும் ஆக்டிவேட்டரும்தான். அந்த ஆக்டிவேட்டரோடு கடவுச்சொல் திருடும் நிரல்கள் சேர்ந்து வருவது சகஜம். மாதக்கணக்கில் வளர்த்த கேம் கணக்கும், கூடவே மின்னஞ்சலும் ஒரே இரவில் போய்விடும். அசல் விண்டோஸ் சேர்ந்து வரும் லேப்டாப்பையே வாங்குங்கள்.

மேக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கல்லூரியில் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். வாலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2, ஜிடிஏ மூன்றுமே மேக்கில் கிடையாது. ஸ்னாப்டிராகன் சிப் வைத்த விண்டோஸ் லேப்டாப்களும் அப்படித்தான். பேட்டரி நாள் முழுக்க நிற்கும், வாலரண்ட் ஓடாது.

சரி, அந்த ஐ7க்கு வருவோம். பெயரைவிட எண்ணின் கடைசியில் இருக்கும் ஆங்கில எழுத்து முக்கியம். ‘யு’ என்று முடிந்தால் மெலிதான லேப்டாப்புக்கான, சுமார் 15 வாட்டில் ஓடுகிற சிப். ‘எச்’ என்று முடிந்தால் 45 வாட் அளவுக்கான சிப். உதாரணத்துக்கு, ஐ7-1355யுவில் வேகமான பெரிய கோர்கள், அதாவது சிப்புக்குள் வேலை செய்யும் பகுதிகள், இரண்டுதான். ஐ5-13420எச்சில் நான்கு. பெயரில் ஐ7 பெரியது, கேமில் அந்த ஐ5 முந்தும். ஏஎம்டியிலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் சிப்பின் தலைமுறையைச் சொல்கிறது. 7735எச்எஸ் என்றால் 3, பழைய வடிவமைப்பு. 7840எச்எஸ் என்றால் 4, புதியது. இரண்டின் மேலும் ‘ரைசன் 7’ என்றே ஒட்டியிருக்கும்.

ஆனால் அந்த ஐ7இல் பெரிய குறை, எனக்குத் தோன்றுகிற வரையில், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்பதாகவே இருக்கும். வாலரண்ட் மட்டும் என்றால் அதையும் சமாளித்துவிடலாம், அது இலகுவான கேம். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டிலேயே நன்றாக ஓடும். ஜிடிஏவும் கவுன்டர் ஸ்டிரைக் 2உம் அப்படி விடாது. உங்கள் பட்ஜெட்டில் ஆர்டிஎக்ஸ் 4050 அல்லது 5050 கார்டுள்ள லேப்டாப்பைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் 6 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3050. அதே பெயரில் 4 ஜிபியிலும் ஒன்று விற்கிறார்கள், அதை எடுக்க வேண்டாம். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியதால் லேப்டாப் விலைகளும் நிலையாக இல்லை. ஒரே மாடலை இரண்டு மூன்று இடங்களில் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கார்டின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். கடைகளில் யாரும் சொல்லாத ஒன்று, அந்தக் கார்டுக்கு லேப்டாப் எத்தனை வாட் கொடுக்கிறது என்பது. ஆர்டிஎக்ஸ் 4050, 4060 இரண்டையுமே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் தயாரிப்பாளர் அமைத்துக்கொள்ளலாம். 45 வாட் கொடுக்கும் அழகான மெல்லிய லேப்டாப்பில் இருக்கும் 4060, நூறு வாட் கொடுக்கும் தடிமனான லேப்டாப்பில் இருக்கும் 4050க்குப் பின்னால் போய்விடும் கேம்கள் உண்டு. பணம் கொடுத்தது பெரிய எண்ணுக்கு, கிடைத்தது சின்ன வேகம். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் கிராபிக்ஸ் பவர், டிஜிபி என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்திலும் தெரியும். விற்பவருக்கு இந்தக் கேள்வி பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை, கேளுங்கள்.

வாட் ஏறினால் சூடும் ஏறும். நம் ஊரில் மே மாதம் அறையே 36, 37 டிகிரியில் இருக்கும்போது, விசிறி உள்ளே இழுப்பதும் அந்தச் சூடான காற்றைத்தான். சிப் ஓர் அளவுக்கு மேல் சுட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் ஆரம்பத்தில் நன்றாக ஓடி அரை மணி நேரத்தில் தடுமாறுவதற்கு இதுதான் வழக்கமான காரணம். ஆகவே கொஞ்சம் கனமாக இருந்தாலும் இரண்டு விசிறியும் பின்பக்கம் அகலமான காற்று வழியும் உள்ளதை எடுங்கள். மெத்தை மேல் வைத்து ஆடக்கூடாது. பின்பக்கம் ஓர் அங்குலம் உயர்த்தி வைத்தாலே சில டிகிரி குறையும்.

ரேம் 16 ஜிபி, அதுவும் இரண்டு 8 ஜிபி துண்டுகளாக இருந்தால் நல்லது. ஒரே துண்டாக இருந்தால் இன்னொன்று போட இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி 512 ஜிபியே போதும், இரண்டாவது ஸ்லாட் இருந்தால் இன்னும் நிம்மதி. கவுன்டர் ஸ்டிரைக் 2க்கு மட்டுமே 85 ஜிபி கேட்கிறார்கள். திரை 144 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சுமார் 16.7 மில்லி விநாடி, 144இல் சுமார் 7. எதிரி மூலையிலிருந்து எட்டிப்பார்க்கும் ஆட்டங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இத்தனையும் வாங்கிய பிறகும் ‘லேக் அடிக்குது’ என்பான். அதில் பாதி லேப்டாப்பின் குற்றமாக இருக்காது. வாலரண்டின் இந்திய சர்வர் மும்பையில் இருக்கிறது. சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆக போய்த் திரும்பவே 10 மில்லி விநாடி ஆகிவிடும். கேபிள் சுற்றிப்போகிற வழியையும் நடுவில் உள்ள ரூட்டர்களையும் சேர்த்தால் பிங், அதாவது போய்த் திரும்பும் மொத்த நேரம், 30, 40 மில்லி விநாடி காட்டுவது நியாயமானது. எந்த லேப்டாப்பும் அதைக் குறைக்காது. கவுன்டர் ஸ்டிரைக்குக்குச் சென்னையிலேயே சர்வர் இருப்பதால் அதில் இன்னும் குறைவாகக் காட்டும்.

நம் கையில் இருப்பது வீட்டுக்குள் நடக்கும் தாமதம்தான். லேன் போர்ட் உள்ள லேப்டாப்பாகப் பார்த்து, ரூட்டரிலிருந்து நேராக ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். முடியாவிட்டால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். 2.4இல் பக்கத்து வீடுகளின் ரூட்டர்களெல்லாம் மோதிக்கொள்ளும். ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுவிடுவதும் நல்லது, மின்வெட்டு வந்தால் ஆட்டம் நடுவில் அறுந்து போகாது. ஆனால் அந்த நேரம் லேப்டாப் பேட்டரிக்கு மாறுவதால் கார்டின் வேகம் வெகுவாகக் குறையும். அது கோளாறு இல்லை, எல்லா கேமிங் லேப்டாப்பும் அப்படித்தான். விடுதியில் தங்கப்போகிறான் என்றால் இன்னொன்றையும் விசாரித்துவிடுங்கள். பல கல்லூரிகளின் நெட்வொர்க்கில் கேம் சர்வர்களைத் தடுத்து வைத்திருப்பார்கள்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. தம்பி ஆடும் கேம்களில் பந்தயப் பணம் வைக்கும் வேலை இல்லை. ஆனாலும் துப்பாக்கிக்கு அலங்காரம் என்று உள்ளே விற்கும் பொருட்களுக்கு நிஜப் பணம் போகும். உங்கள் கார்டையோ யுபிஐயையோ அந்தக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.

வாங்கும் அன்று பில்லில் மாடல் எண் கடைசி எழுத்து வரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் நான்கு விதமான லேப்டாப் விற்கிறார்கள், வித்தியாசம் அந்தக் கடைசி எழுத்துகளில்தான். திருப்பிக் கொடுக்கவோ மாற்றவோ எத்தனை நாள் அவகாசம் என்று எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் விண்டோஸ் அப்டேட்டையும் கார்டின் டிரைவரையும் முடித்துவிட்டு, சார்ஜரைச் செருகியபடி ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். வேகம் விழுகிறதா, விசிறி உராயும் சத்தம் வருகிறதா, திரையில் புள்ளி ஏதும் செத்திருக்கிறதா என்று அந்த அவகாச நாட்களுக்குள்ளேயே பார்த்துவிட வேண்டும்.