ஒன்றைக் கூட்டினேன், சரியாகிவிட்டது

வணக்கம். சி மொழியில் சின்னதாக ஒரு மெமரி அலொகேட்டர், அதாவது கேட்பவர்களுக்கு மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் புரோகிராம், எழுதிப் பழகுகிறேன். எந்த முகவரியிலிருந்து எதுவரை பயன்பாட்டில் இருக்கிறது என்பதை, ஒன்றின் மேல் ஒன்று ஏறாத ரேஞ்சுகளாக வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். லிங்க்டு லிஸ்ட் நல்லதா, அர்ரேயா, மரமா? புது ரேஞ்சைச் சேர்க்கும் என் இன்சர்ட் ஃபங்ஷனில் ஒன்பது இஃப் (if) நிபந்தனைகள் வந்துவிட்டன. ஓரிடத்தில் தப்பாக வந்தது, ஒன்றைக் கூட்டினேன், சரியாகிவிட்டது. சி++ இருக்கும்போது ஏன் இந்தக் கஷ்டம் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

அன்புள்ள நண்பருக்கு,

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அதற்குப் பதில் தேவையில்லை. அர்ரேயா மரமா என்பதற்கும் சுருக்கமாகவே சொல்கிறேன். சில நூறு ரேஞ்சுகள்தான் என்றால் அர்ரே போதும், பாதி பாதியாகக் குறுக்கித் தேடும் பைனரி சர்ச் செய்யலாம். லினக்ஸ் பூட் ஆகும்போது மெமரியைக் கணக்கு வைக்கும் மெம்பிளாக் அப்படித்தான் செய்கிறது: 128 இடங்கள் கொண்ட ஓர் அர்ரேயில் தொடங்கி, நிரம்பினால் இரண்டு மடங்காக்கிக்கொள்ளும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்த வரி வேறு. “ஒன்றைக் கூட்டினேன், சரியாகிவிட்டது.” ஏன் சரியானது என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே! சரியான காரணம் தெரியாவிட்டால் அது சரியாகவில்லை, தப்பு வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். இதே காரியத்தைச் செய்து நான் இரண்டு வாரம் அலைந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. 32 பிட் எக்ஸ்86 போர்டு ஒன்று. அந்த வகைப் போர்டில் ஃபர்ம்வேர் (போர்டைத் தொடக்கிவைக்கும் புரோகிராம்) இருக்கும் ரோம் (ROM) சிப், அதாவது படிக்க மட்டுமே முடிகிற சிப், 4 ஜிபி முகவரி வெளியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். நான் ஒவ்வொரு ரேஞ்சின் முடிவையும் தொடக்கத்தோடு அளவைக் கூட்டி வைத்திருந்தேன். உச்சியில் இருக்கும் ரேஞ்சுக்கு அப்படிக் கூட்டினால் 4294967296 வரும். 32 பிட்டில் அது அடங்காது, பூஜ்யமாகிவிடும். முடிவு பூஜ்யம் என்றால் புதிதாக வரும் எந்த ரேஞ்சும் அதோடு மோதாது. இடம் காலி என்று என் லிஸ்ட் சொன்னது, ஒரு கார்டுக்கு அந்த முகவரியையே கொடுத்தேன், போர்டு உறைந்துபோனது.

நான் என்ன செய்தேன்? எல்லா அளவுகளிலும் ஒன்றைக் கழித்தேன். ஓடியது! அடுத்த வாரம் பார்த்தால் ஒட்டிக் கிடக்கும் இரண்டு ரேஞ்சுகள் சேரவே இல்லை, நடுவில் ஒரு பைட் ஓட்டை. பக்கத்து மேசையில் இருந்த அண்ணன் ஒருவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “‘எண்ட்’ (end), முடிவுன்னு எழுதியிருக்கியே, அது கடைசி பைட்டா, அதுக்கு அடுத்ததா?” எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு ஃபங்ஷனில் அது கடைசி பைட், இன்னொன்றில் அடுத்தது.

உங்கள் ஒன்பது இஃப்களும் அதே நோய்தான். முதலில் முடிவு எது என்று தீர்மானியுங்கள். ‘அடுத்தது’ என்று வைத்தால் அளவு எளிது, கழித்தால் போதும். காலி ரேஞ்சையும் இயல்பாக எழுதலாம். ஆனால் உச்சி பைட்டைச் சொல்ல முடியாது. மெம்பிளாக் அந்த இடத்தில் அளவையே குறுக்கிக்கொள்கிறது. ‘கடைசி பைட்’ என்று வைத்தால் உச்சியும் அடங்கும், காலியைச் சொல்வதுதான் சங்கடம். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலச் செய்துகாட்டும் க்யூஎமு (QEMU) இந்த இரண்டாவது வழியில் போகிறது. லினக்ஸுக்குள்ளேயே இரண்டும் உண்டு: ஒரு ப்ராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின், மெமரிப் பகுதிகளுக்கு முடிவு என்பது ‘அடுத்தது’, 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் அவற்றைத் தாங்க வந்த மேப்பிள் ட்ரீ என்ற மர அமைப்புக்கோ ‘கடைசி’. அதனால் ட்ரீக்குள் போடும் இடத்தில் ஒன்றைக் கழித்துத் தருகிறார்கள். அதுவும் கழித்தல்தான். ஏன் கழிக்கிறோம் என்று தெரிந்து கழிக்கிறார்கள்.

நீங்கள் ‘கடைசி பைட்’ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரேஞ்ச் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க முதலாவதின் கடைசியோடு ஒன்றைக் கூட்டாதீர்கள், உச்சியில் அது பூஜ்யமாகிவிடும். இரண்டாவதின் தொடக்கம் பெரியதா என்று பார்த்துவிட்டு, அதிலிருந்து முதலாவதின் கடைசியைக் கழியுங்கள். விடை ஒன்று என்றால் ஒட்டியிருக்கிறது. பைனரி சர்ச்சில் நடுப்புள்ளி எடுக்கும்போதும் இரு முனைகளைக் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள், அந்தக் கூட்டலும் அடங்காமல் போகலாம். ஜாவா நூலகத்திலேயே இந்தத் தப்பு இருந்ததை 2006-இல் ஜாஷுவா பிளாக் எழுதினார்.

அப்புறம், முகவரியை 8 பிட்டாக மாற்றி ஒரு டெஸ்ட் எழுதுங்கள். மொத்தம் 256 முகவரிகள், சாத்தியமான ரேஞ்சுகள் 32896. ஒவ்வொன்றையும் போட்டு, 256 இடமுள்ள ஒரு சாதாரண அர்ரேயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சி-யில் 8 பிட் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அது இன்ட் (int) என்ற பெரிய எண் வகையாகிவிடும், 255-க்கு அடுத்து 256 வரும், தப்பு ஒளிந்துகொள்ளும். விடையைத் திரும்பவும் 8 பிட்டில் போட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து படிக்கிறேன். ரேஞ்சை வரையறுக்கும் ஸ்ட்ரக்ட்டுக்கு (struct) மேலேயே ‘முடிவு’ என்றால் எந்த பைட் என்று ஒரு கமென்ட் இருக்கட்டும்.