கார் கண்ணாடியில் உறைந்த பனியை வெந்நீர் ஊற்றி எடுக்கலாமா?

லண்டனில் முதல் குளிர்காலம், வேலைக்கு நேரமாகிறது, கெட்டிலில் கொதிநீர் தயார், ஊற்றினால் என்ன என்று கேட்கிறீர்கள். ஊற்றாதீர்கள். வெந்நீர் பட்ட பரப்பு சட்டென விரியும், மற்ற இடம் சில்லென்றே இருக்கும். எப்போதோ கல் தெறித்த சின்னக் கீறல் இருந்தால் போதும், கண்ணாடியின் குறுக்கே ஓடிவிடும். வழிந்த நீர் தரையில் மறுபடி உறையும். நான் ஊற்றிய அன்று கண்ணாடி தப்பியது. கதவருகே வழுக்கி விழுந்தது நான்தான்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (கிருமிநாசினியாகப் பயன்படும் ஒரு வகை ஸ்பிரிட்) இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலின் உறைநிலை மைனஸ் 89 டிகிரி. அது கலந்ததும் பனி இளகிக் கூழாகிவிடும். பிறகு பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுங்கள். ஏ.டி.எம். கார்டால் சுரண்டினால் கார்டுதான் உடையும். வைப்பர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். உறைந்து ஒட்டிய வைப்பரை ஓட்டினால் ரப்பர் கிழியும்.

எட்டிப்பார்க்க ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிக்கொண்டு கிளம்புவது பிரிட்டனில் சட்டப்படி குற்றம். தெருவில் இன்ஜினை ஓடவிட்டு வீட்டுக்குள் டீ குடிக்கப் போவதும் அப்படியே, திருடனுக்கும் வசதி.

மேகமில்லாத இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்கு இழப்பதால், காற்று 2 டிகிரியில் இருந்தாலும் அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகலாம். அதனால் முதல் நாள் இரவே ஒரு பழைய போர்வையை விரித்து, ஓரங்களைக் கதவில் செருகிவிட்டால் காலையில் உருவிப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். போர்வை மட்டும் ஈரமாக இருக்கக்கூடாது, ஒட்டிக்கொள்ளும்.